வேட்பாளர் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டுமா? வாதத்தின் வலுவைக் கண்டறியும் முறை

போட்டித் தேர்வுகளில் ஒரு கேள்வியையும் அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் சில வாதங்களையும் கொடுத்து, அவற்றுள் வலுவானது எது என்று கேட்பது வழக்கம். நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி: "ஒரு தொகுதியில் போட்டியிடுவோரின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டுமா?"

படி 1: கேள்வியின் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்கப்படுவது எண்ணிக்கை மட்டுமே. "ஆம், குற்றப் பின்னணி உடையவர்கள் தடுக்கப்படுவார்கள்" என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் வலுவற்றது; ஏனெனில், பத்துப் பேர் மட்டுமே போட்டியிடலாம் என்று விதித்தாலும் அந்தப் பத்துப் பேருமே அத்தகையோராக இருக்கக்கூடும்.

படி 2: சொல்லப்படும் விளைவு நடைமுறையில் நிகழுமா என்று பாருங்கள்.

"ஆம், வேட்பாளர்கள் மிகுந்தால் வாக்குப்பதிவை நடத்துவதே கடினமாகிவிடும்" என்ற வாதம் வலுவானது. 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் களமிறங்கியதால் வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. இன்றைய மின்னணு இயந்திரத்திலும் ஒரு வாக்களிப்புக் கருவியில் நோட்டா உட்பட 16 பேருக்குத்தான் இடம் உண்டு. 2019இல் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் 185 பேர் நின்றபோது ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் 12 கருவிகள் தேவைப்பட்டன.

ஆனால் அதே நிஜாமாபாத்தில் போட்டியிட்டவர்களில் பெரும்பாலோர் மஞ்சள் வாரியம் முதலிய கோரிக்கைகளை முன்வைத்த விவசாயிகள். ஆகவே, "இல்லை, புறக்கணிக்கப்பட்டவர்கள் தம் குறையைத் தேர்தல் களத்திலேயே எழுப்பும் வழி அடைபடும்" என்ற வாதமும் வலுவானதே. இரு பக்கமும் ஒருசேர வலுவாக இருக்க முடியாது என்று எண்ணி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதுதான், என் பார்வையில், தொடக்கநிலையாளர்கள் மதிப்பெண்ணை இழக்கும் முதன்மையான இடம்.

படி 3: மாற்றுவழியை முன்வைக்கும் வாதத்தை நிதானமாக எடைபோடுங்கள்.

"இல்லை, டெபாசிட் தொகையை உயர்த்தினாலே எண்ணிக்கை குறைந்துவிடும்" என்பது அத்தகையது. 1996ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் மக்களவை வேட்பாளருக்கான டெபாசிட் 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியைச் சாராதவர்களுக்குப் பத்து முன்மொழிவோர் தேவை என்ற விதியும் வந்தது. 13,952 ஆக இருந்த மொத்த வேட்பாளர் எண்ணிக்கை 1998இல் 4,750 ஆகச் சரிந்தது. வரம்பு தேவையில்லை என்பதை நேரடியாகக் காட்டுவதால் இதை நான் வலுவானதாகவே கொள்வேன். மாற்றுவழியைச் சொல்லிவிட்டு, அது எப்படி அதே பயனைத் தரும் என்று காட்டாத வாதத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

படி 4: வெற்று வாதங்களைக் கழித்துவிடுங்கள்.

"ஆம், அறிஞர்கள் அப்படித்தான் கருதுகிறார்கள்", "இல்லை, பிற நாடுகளில் அப்படி இல்லை" போன்றவை காரணம் எதையும் சொல்வதில்லை. "இது ஒன்றே ஜனநாயகத்தைக் காப்பாற்றும்" என்பதும் அவ்வாறே; 'ஒன்றே' என்ற சொல்லுக்கு அங்கே எந்த ஆதாரமும் இல்லை.

படி 5: உண்மையான தகவலையும் சோதியுங்கள்.

"இல்லை, செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாத வேட்பாளர் டெபாசிட்டை இழக்கிறார்" என்ற வாதத்தைப் பாருங்கள். தகவல் சரியானது, இருப்பினும் அதிலிருந்து "வரம்பு வேண்டாம்" என்ற முடிவு தானாகப் பிறப்பதில்லை. அதே வரியை "ஆம்" என்று தொடங்கினாலும் பொருந்தும் என்பதால், இதை வலுவற்றது என்றே குறிக்க வேண்டும்.