தமிழ் மங்காவுக்கு முறையான உரிமம்: கூட்டுநிதி திரட்டும் வழி

ஜப்பானியப் படக்கதையான மங்காவை ரசிகர்களாகச் சேர்ந்து தமிழாக்கம் செய்துவரும் நண்பர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: ஆளுக்கு இருபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டு உரிமத்தையே வாங்கிவிட முடியாதா? முடியும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் பணத்தைத் திரட்டிக்கொண்டு பதிப்பகத்தின் கதவைத் தட்டினால் காரியம் கெட்டுவிடும். இசைவு முதலில், நிதி பிறகு என்ற வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு படைப்பை மொழிபெயர்க்கும் உரிமை அதன் உரிமையாளருக்கே உரியது. காசு வாங்காமல் செய்தோம் என்பதால் அந்த உரிமை நமக்கு வந்துவிடாது. இசைவு பெறாத ஒரு கதையின் பெயரைச் சொல்லி நிதி கேட்டால் அந்தப் பதிப்பகத்தின் நம்பிக்கையைத் தொடக்கத்திலேயே இழப்போம். அவர்கள் மறுத்துவிட்டால், பணம் தந்த ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாமே.

கதையைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசையை அடக்குங்கள். நூறு தொகுதிகள் ஓடும் புகழ்பெற்ற தொடரைக் கேட்காமல், ஒன்று அல்லது இரண்டு தொகுதிகளில் முடிந்துவிட்ட கதையைக் கேளுங்கள். உங்களிடம் உள்ள ஜப்பானியப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியர், பதிப்பகம், அச்சான நாள் ஆகியவை இருக்கும். இசைவு கேட்கும் கடிதம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பெரும்பாலும் பதிப்புரிமை ஓவியரிடம் இருக்க, பதிப்பகம் அவர் சார்பில் பேசும். சில நேரங்களில் தோக்கியோவின் டட்டில்-மோரி போன்ற முகவர் நிறுவனத்தின் வழியாகப் பேச்சு நடக்கும்.

தளர்வான நண்பர் குழுவுடன் எந்தப் பதிப்பகமும் ஒப்பந்தம் செய்யாது. பதிவுபெற்ற நிறுவனம் ஒன்று கையெழுத்திட வேண்டும், அது ஏற்கெனவே நூல் வெளியிட்ட நிறுவனமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. வழி புதிதும் அன்று. சிங்கப்பூரில் சுவாங் யி என்ற பதிப்பகம் பல ஆண்டுகள் முறையான உரிமத்துடன் ஆங்கிலத்திலும் சீனத்திலும் மங்கா வெளியிட்டது. சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் வந்த லயன் காமிக்ஸும் ஐரோப்பியப் படக்கதைகளைத் தமிழில் கொண்டுவந்தன, வாசகர்கள் முன்கூட்டியே கட்டும் சந்தா அவற்றுக்குப் பெருந்துணையாக இருந்து வருகிறது. தமிழ் வாசகர் படக்கதைக்கு முன்பணம் தருவார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? எனவே தமிழகப் பதிப்பகம் ஒன்றைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, சிங்கப்பூருக்கு மட்டும் என்றில்லாமல் உலகெங்கும் தமிழில் வெளியிடும் உரிமையைக் கேளுங்கள். பல நாட்டு வாசகர்களைச் சேர்த்தால்தான் அச்சுக்கணக்கு கட்டுபடியாகும்.

கடிதத்துடன் மாதிரிப் பக்கங்கள் சிலவற்றை அனுப்புங்கள். அதில் நம் திறமை மொழிபெயர்ப்பில் மட்டுமல்ல, வசனத்தைப் படத்துக்குள் பொருத்தும் எழுத்தமைப்பிலும் தெரிய வேண்டும். ஜப்பானிய வசனம் மேலிருந்து கீழாக எழுதப்படுவதால் பேச்சுக்குமிழ்கள் உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். அத்தகைய குமிழ் ஒன்றில் 'காத்துக்கொண்டிருக்கிறேன்' என்ற சொல்லை வைக்க முயன்றபோது, அதை மூன்று இடங்களில் உடைக்க வேண்டியிருந்தது. எழுத்தைச் சிறிதாக்கினால் கொம்புகளும் சுழிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இறுதியில் 'இங்கேதான் இருப்பேன்' என்று இரண்டு வரிகளாக மாற்றினேன். அதைச் சொல்லும் பெண் பாத்திரத்தின் பிடிவாதமும் அதில்தான் சரியாக வந்தது. இப்படிப்பட்ட ஒரு பக்கம், நாம் எழுதும் பத்துப் பத்தி அறிமுகத்தைவிட அதிகம் பேசும்.

பதிப்பகம் இசைந்து, நாம் அதற்குத் தர வேண்டிய முன்பணமும், விற்பனையில் அதற்குச் சேரும் பங்கான உரிமைத்தொகையின் விகிதமும் எழுத்தில் வந்த பிறகு கணக்குப் போடுங்கள். எடுத்துக்காட்டாக, 500 பிரதிகள், விலை 20 வெள்ளி, உரிமைத்தொகை 8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். திரளும் 10,000 வெள்ளியில் உரிமைத்தொகை 800 வெள்ளிதான். முன்பணம் பொதுவாக அதிலேயே கழிக்கப்படும். கூட்டுநிதி திரட்டும் இணையத்தளமான கிக்ஸ்டார்ட்டர் 5 விழுக்காடு, அதாவது 500 வெள்ளி எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. மீதியை அச்சு, எழுத்தமைப்பு, பொதி, அஞ்சல் ஆகியவை விழுங்கும். உரிமம் வாங்குவதற்காகத்தான் நிதி என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

2016 முதல் சிங்கப்பூரில் இருப்போரும் கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்கலாம். இலக்கை எட்டாவிட்டால் யாரிடமும் பணம் பிடிக்கப்படாது என்பது அதன் விதி, நம்மைப் போன்ற புதியவர்களுக்கு அது நல்ல பாதுகாப்பு. இலக்கைச் சிறிதாக வையுங்கள். டிஜிட்டல் மங்கா என்ற அமெரிக்கப் பதிப்பகம், புகழ்பெற்ற மங்கா ஓவியர் ஒசாமு தெசுகாவின் 'பார்பரா' என்ற ஒற்றைக் கதைக்காக 2012இல் நிதி கேட்டு வெற்றி பெற்றது. அதே பதிப்பகம் 2014இல் அவருடைய 31 தொகுதிகளுக்காக 380,000 டாலர் கேட்டபோது இலக்கை எட்ட முடியவில்லை. வெளிநாட்டு அஞ்சல் செலவை நாடுவாரியாகத் தனியே வசூலியுங்கள். அட்டையையும் தலைப்பின் எழுத்துவடிவத்தையும் ஓவியர் தரப்பு பார்த்து ஒப்புதல் தரப் பல மாதங்கள் ஆகக்கூடும் என்பதால், வெளியீட்டு நாளைத் தாராளமாகத் தள்ளி அறிவியுங்கள்.

நிதி திரட்டத் தொடங்குமுன், அந்தக் கதைக்கு நாம் இணையத்தில் ஏற்றிய பக்கங்கள் அனைத்தையும் நீக்கிவிட வேண்டும். இது வலிக்கும், இரவு கண்விழித்துச் செய்த உழைப்பு அது. ஆனால் அதைப் படித்தவர்களிடம் காரணத்தைச் சொல்லி நீக்கினால், அவர்களே முதல் ஐம்பது ஆதரவாளர்களாக வருவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியை மறவாமல் கேளுங்கள்: மொழிபெயர்த்தவர், எழுத்தமைத்தவர் பெயர்கள் நூலின் கடைசிப் பக்கத்தில் இடம்பெற வேண்டும், புனைபெயரில் அன்று, சொந்தப் பெயரில். நூல் சிங்கப்பூரில் வெளியானால், நான்கு வாரங்களுக்குள் அதன் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும்.