மில்டுராவுக்குக் குடிபோகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்து வேலை செய்வதற்கான 491 விசாவில் ஆஸ்திரேலியா வரும் நம்மவர்களில் பலர், மில்டுரா என்ற பெயரை வேலைக் கடிதத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். மெல்போர்னிலிருந்து சுமார் 540 கிலோமீட்டர் தள்ளி, விக்டோரியா மாநிலத்தின் எல்லையில், மரே ஆற்றங்கரையில், திராட்சையும் ஆரஞ்சும் பாதாமும் விளைகிற ஊர் அது. 1887இல் சாஃபி சகோதரர்கள் அங்கே பாசனக் குடியிருப்பைத் தொடங்கினார்கள். இன்றுவரை ஊரின் பிழைப்பு தோட்டத்தை நம்பித்தான். அதை மனதில் வாங்காமல் மெல்போர்னின் சின்ன வடிவம் என்று எண்ணி வந்து இறங்குகிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறது. திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வீடு, படத்தில் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் பழம் பழுக்கும் காலத்தில் விடிந்ததும் விடியாததுமாகப் பறவை விரட்டும் வெடிச்சத்தம் கேட்கும். உறைபனி விழும் இரவுகளில் பயிரைக் காக்கப் பெரிய காற்றாடிகள் இரைச்சலோடு ஓடும். மருந்தும் தெளிப்பார்கள். கைக்குழந்தையோ மூச்சுத் தொந்தரவோ உள்ள குடும்பம் என்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பக்கத்து நிலத்தில் என்ன விளைகிறது என்று கட்டாயம் கேளுங்கள்.

வாடகை குறைகிறதே என்று பாலத்துக்கு அந்தப் பக்கம் புரோங்காவிலோ கோல் கோலிலோ வீடு பிடித்தால், நீங்கள் நியூ சவுத் வேல்ஸ்வாசி. ஓட்டுநர் உரிமம், கார் பதிவு எல்லாம் அந்த மாநிலத்து விதிப்படிதான். விக்டோரியாவின் பரிந்துரையில் வந்தவர்கள் அதன் நிபந்தனைகளை எடுத்துப் படித்துவிட்டு ஆற்றைத் தாண்டுங்கள்.

அடுத்தது பழமும் காய்கறியும். நம்மவர்கள் லேசாக எடுத்துக்கொள்வதும், ஊர்க்காரர்கள் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காததும் இதில்தான். அடிலெய்டு போகும் ஸ்டர்ட் நெடுஞ்சாலையில் யம்பா என்ற இடத்தில் சோதனைச் சாவடி இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழ ஈ நுழையாமல் தடுக்கும் சாவடி அது. ஆப்பிள், மாம்பழம் மட்டுமல்ல, பையில் கிடக்கும் தக்காளி, பச்சை மிளகாய், கத்திரிக்காய்கூட அங்கே தடைப்பொருள்தான். மறந்துவிட்டேன் என்றாலும் அபராதம் உண்டு. வழிச் சாப்பாட்டுக்குச் சமைத்த உணவைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலை இன்னும் பெரிய விஷயம். சொந்த ஊருக்குப் போய்விட்டு வரும்போது ஒரு கன்றையோ ஒரு பிடி இலையையோ பெட்டியில் மறைத்து எடுத்துவருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதில் ஒட்டிவரும் ஒருவகைச் சாறுறிஞ்சிப் பூச்சி, ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைச் சாகடிக்கும் சிட்ரஸ் கிரீனிங் நோயை மரத்துக்கு மரம் பரப்பும். அதற்கு மருந்து கிடையாது. ஃபுளோரிடாவில் 2005இல் அந்த நோய் தென்பட்டது. பிறகு புயல்களும் சேர்ந்துகொள்ள, அங்கே ஆரஞ்சு விளைச்சல் முன்பு இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. மில்டுராவில் உங்கள் பிள்ளையோடு ஒரே வகுப்பில் படிக்கும் குழந்தையின் வீட்டுச் சோறே ஆரஞ்சு மரத்திலிருந்து வருவதாக இருக்கலாம். உள்நாட்டு நர்சரியில் வாங்கித் தொட்டியில் வையுங்கள், உறைபனிக் காலத்தில் உள்ளே எடுத்து வைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

பேச்சிலும் கவனம் வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் மழை பெய்தால் நமக்குக் கொண்டாட்டம். உலர்திராட்சை போடுகிறவருக்கு அது ஒரு வருட உழைப்பு அழுகுகிற மழை. கடைவாசலில் நின்று “நல்ல மழை” என்று சொல்வதற்கு முன் என்ன மாதம் என்று யோசியுங்கள்.

உடம்பு விஷயத்தில் தள்ளிப்போடாதீர்கள். வந்த வாரமே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் பதிந்து, குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். புது நோயாளிகளை எடுப்பதில்லை என்று சொல்லும் கிளினிக்குகள் உண்டு, காய்ச்சல் வந்தபிறகு தேடி அலைய முடியாது. சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஒருவழி 100 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டியிருந்தால், விபிடிஏஎஸ் (VPTAS) என்ற விக்டோரிய அரசுத் திட்டத்தில் பயணத்துக்கும் தங்குவதற்கும் உதவித்தொகை கிடைக்கும். இது தெரியாமல் முழுச்செலவையும் கைக்காசில் செய்த குடும்பங்கள் உண்டு. படிவத்தில் அந்த மருத்துவர் நிரப்பவேண்டிய பகுதியை அங்கேயே நிரப்பி வாங்கிவிடுங்கள். கோடையில் ஆற்றோரக் கொசுவும் சாதாரணமல்ல. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி உங்களுக்கு இலவசமா என்று அதே குடும்ப மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அந்தி மயங்கும் நேரமும் விடியற்காலையும் கங்காரு சாலைக்கு வரும் நேரம். குறுக்கே பாய்ந்தால் ஸ்டீயரிங்கை ஒடிக்காமல் பிரேக்கை அழுத்துங்கள். ஒடித்துத்தான் பலர் மரத்தில் மோதுகிறார்கள். நீண்ட பயணத்தைப் பகலிலேயே முடித்துவிடுவது நல்லது.

துணைவருக்கு வேலை அமையும்வரை பழம் பறிக்கப் போகலாம் என்று முடிவெடுத்தால், கூலியைக் கையில் ரொக்கமாக வாங்காதீர்கள், சம்பளச் சீட்டு கேளுங்கள். 2022 ஏப்ரல் 28 முதல், எடைக்கோ பெட்டிக்கோ கூலி வாங்குகிறவருக்கும் மணிக்கணக்குக் குறைந்தபட்சக் கூலி உறுதி. ஆள் அனுப்பும் காண்ட்ராக்டருக்கு விக்டோரியாவில் உரிமம் இருக்கவேண்டும். அந்த உரிமப் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது, சேருவதற்கு முன் பெயரைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.