400 வோல்ட் பேனலைத் திறக்கும்முன்: ஆர்க் ஃபிளாஷில் நடக்கும் தவறுகள்

“நானூறு வோல்ட்தானே” என்ற அலட்சியம்தான் முதல் தவறு. ஆர்க் ஃபிளாஷ் என்பது, காற்றின் ஊடே மின்சாரம் பாய்ந்து வெடிப்பதுபோல் எழும் கடும் வெப்பமும் ஒளியும். அதன் வெப்பத்தை வோல்டேஜை மட்டும் வைத்து எடைபோட முடியாது. எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது, எவ்வளவு நேரம் பாய்கிறது என்பவையே முக்கியம். 5 சதவீத இம்பீடன்ஸ் (மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை) உள்ள 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் 400 வோல்ட் பக்கத்தில் ஷார்ட் சர்க்யூட் ஆனால், சுமார் 29,000 ஆம்பியர் வரை பாயக்கூடும். கை நழுவிய ஸ்பேனர் இரண்டு பஸ்பார்களுக்கு (மின்சாரம் கொண்டுசெல்லும் செம்புப் பட்டைகள்) குறுக்கே விழுந்தால் போதும். செம்பு ஆவியாகி, தீப்பிழம்பும் உருகிய உலோகத் துளிகளும் முகத்தை நோக்கி வரும்.

“பிரேக்கர் டிரிப் ஆகிவிடுமே” என்பது அடுத்தது. ஆகும்; ஆனால் எப்போது? ஆர்க்கின் தடையால், அதில் பாயும் மின்னோட்டம் முழு ஷார்ட் சர்க்யூட் அளவைவிடக் குறைவாகவே இருக்கும். சில வேளைகளில் பாதியாகக்கூட இறங்கும். உடனடி டிரிப்புக்கான அளவை அது எட்டாவிட்டால், பிரேக்கர் தாமத டிரிப்புக்குக் காத்திருக்கும். 0.05 வினாடியில் அணைந்திருக்க வேண்டிய ஆர்க் 0.5 வினாடி எரிந்தால், உடலில் படும் வெப்பமும் ஏறக்குறைய பத்து மடங்காகும். அதனால்தான், அடிக்கடி டிரிப் ஆகிறது என்று செட்டிங்கை ஏற்றிவிட்டுப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. பேனல் கதவில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை லேபிளில் உள்ள வெப்பக் கணக்கு அந்த நிமிடமே பொய்யாகிவிடுகிறது. அதை நம்பி உடை அணிபவர் வேறொருவர்.

உடை என்றதும் ரப்பர் கையுறையோடு நின்றுவிடுகிறார்கள். அது மின்னதிர்ச்சிக்கான காப்பு. முகத்துக்கும் கழுத்துக்கும் ஆர்க் தாங்கும் கவசம் வேண்டும். வெறும் தோலில் சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி வெப்பம் பட்டாலே இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்படலாம். பாலியஸ்டர் உடை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

மின்சாரம் இல்லை என்று மீட்டர் ஒருமுறை காட்டியதும் நம்பிவிடுவதும் தவறு. மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் முதலில் மீட்டரைச் சோதிக்க வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில். மறுபடியும் முதல் இடத்தில். இது முடியும்வரை கவசத்தைக் கழற்றக் கூடாது.

கடைசியாக, மெயின் பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு, பேனலில் அந்த பிரேக்கர் இருக்கும் அதே தடுப்பறைக்குள் கை வைப்பது. அதன் உள்வரும் முனைகளில் மின்சாரம் அப்படியே இருக்கிறது. அங்கே ஆர்க் மூண்டால் அணைக்க வேண்டியது டிரான்ஸ்ஃபார்மரின் உயர் அழுத்தப் பக்கத்து ஃபியூஸோ ரிலேவோதான் (கோளாறைக் கண்டு பிரேக்கரைத் திறக்கவைக்கும் கருவி). அவை செயல்படப் பெரும்பாலும் அதிக நேரம் எடுக்கும். அந்தத் தடுப்பறையில் வேலை என்றால், உயர் அழுத்தப் பக்கத்திலேயே துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும்.