அலுவலகத்தில் பெயர் சொல்லாப் பரிசு: சீட்டுப் போடும் சரியான முறை

செட்டிநாட்டு விசேஷ வீடுகளில் மொய் எழுதும்போது கொடுத்தவர் பெயரும் தொகையும் நோட்டில் ஏறிவிடும். நாளை திருப்பிச் செய்வதற்கும் அதுவே கணக்கு. கிறிஸ்துமஸை ஒட்டி அலுவலகங்களில், சீட்டில் வந்தவருக்குப் பெயர் சொல்லாமல் பரிசு கொடுக்கும் சீக்ரெட் சாண்டா இதற்கு நேர்மாறானது. கொடுத்தவர் யாரென்று தெரியாததால்தான் மேலாளருக்கும் கடைநிலை ஊழியருக்கும் ஒரே அளவில் பரிசு போய்ச் சேர்கிறது. ஆகவே ஏற்பாடு செய்பவர் சீட்டுப் போடுவதில்தான் அதிகக் கவனம் வைக்க வேண்டும்.

பெயர்களை எழுதி டப்பாவில் போட்டு ஆளுக்கொன்று எடுக்கும்போது, யாராவது ஒருவருக்குத் தன் பெயரே வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 63 விழுக்காடு; பத்துப் பேர் இருந்தாலும் ஐம்பது பேர் இருந்தாலும் இது மாறுவதில்லை. ஒருவரே பட்டியல் போட்டுப் பிரித்துக் கொடுத்தால், அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

இவ்விரு குறையும் இல்லாத வழி ஒன்று உண்டு. ஆளுக்கொன்றாக ஒரே அளவு அட்டைகளை எடுத்து, முதல் அட்டையின் மேல்பாதியில் ‘உங்கள் எண் 1’ என்றும் கீழ்ப்பாதியில் ‘பரிசு பெறுபவர் எண் 1’ என்றும் எழுதி, மற்றவற்றுக்கும் வரிசையாக எண்ணிடுங்கள். அட்டைகளைக் கவிழ்த்துக் கலைத்து, ஒரே வரிசையாகப் பரப்பி, குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். கீழ்ப்பாதிகளை மட்டும் ஓரிடம் வலப்பக்கம் நகர்த்தி, கடைசியில் மிஞ்சும் துண்டை முதலிடத்துக்குக் கொண்டுவந்தால், எந்த ஜோடியிலும் ஒரே எண் இரண்டு முறை வராது. ஜோடிகளைத் திருப்பிப் பார்க்காமல் கவர்களில் போட்டுக் கலைத்து ஆளுக்கொன்று கொடுங்கள்; நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொருவரும் தம் எண்ணுக்கு நேரே பெயரைச் சுவரில் ஒட்டிய தாளில் எழுத வேண்டும். இடையில் ஒருவர் விலகினால், தம்மிடமுள்ள கீழ்ப்பாதியை அந்தத் தாளருகே ஒட்டிவிட்டால் போதும். அவருக்குப் பரிசு தர இருந்தவர் அந்த எண்ணுக்குரியவருக்குக் கொடுத்துவிடுவார்.

தொகையைச் சம்பளம் குறைந்தவருக்கும் கையைக் கடிக்காதபடி, 300 ரூபாய் போல வையுங்கள். அதை மீறி வாங்குவது பெருந்தன்மை ஆகாது, மற்றவர்களைக் கூசவே வைக்கும். செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலை இதற்குள் அடங்காது என்றாலும் குறையில்லை. சாயமேற்றிய பனையோலையில் நெருக்கமாக முடைந்து, மூடியும் வைத்த சிறு கொட்டான் ஒன்றில் சீப்புச் சீடையோ தேன்குழலோ நிரப்பிக் கொடுத்தால், பலகாரம் தீர்ந்த பிறகும் கொட்டான் மேசையில் நிற்கும். சர்க்கரை உள்ளவருக்கு மாவுருண்டையைத் தவிர்த்துவிடுங்கள்.

சிறிய அலுவலகத்தில் கையெழுத்தே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், பொட்டலத்தின்மேல் பெறுபவரின் எண்ணை மட்டும் அச்சிட்டு ஒட்டச் சொல்லுங்கள். முதல் நாள் மாலையே பொட்டலங்கள் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் எது குறைகிறது என்று தெரியும். பரிசு வராத அந்த ஒருவர் வெறுங்கையோடு நிற்காமலிருக்க, பொதுப் பணத்தில் ஒரு பரிசை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள்.