கணக்குப் போடும் முன் கட்டம் போடாதீர்கள்

மென்பொருள் வேலைக்கான நேர்காணல். நீண்ட இணைய முகவரியைச் சுருக்கித் தரும் சேவையை வடிவமைக்கச் சொல்கிறார் நேர்காணல் நடத்துபவர். கேள்வி முடிவதற்குள் பலகையில் கட்டங்கள் முளைத்துவிடுகின்றன: லோட் பேலன்சர் (சுமையைச் சர்வர்களுக்குப் பங்கிடுவது), கேஷ் (அடிக்கடி கேட்பதைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது), காஃப்கா (செய்திகளை வரிசையாகக் கடத்தும் மென்பொருள்), பத்துத் துண்டாகப் பிரித்த டேட்டாபேஸ். எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்பதை மட்டும் விண்ணப்பதாரர் கேட்கவே இல்லை. சிஸ்டம் டிசைன் சுற்றில் பலரைக் கவிழ்ப்பது இந்த அவசரம்தான்.

நாளொன்றுக்கு 10 லட்சம் புதிய முகவரிகள் என்று பதில் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். வகுத்தால் நொடிக்கு 12 பதிவுகள். ஒவ்வொரு முகவரியும் 100 முறை சொடுக்கப்பட்டாலும் நொடிக்குச் சுமார் 1,200 வாசிப்புகள். பதிவுக்கு 500 பைட் என்றால் 5 ஆண்டுகளில் சேருவது ஒரு டெராபைட்டுக்கும் குறைவு. நல்ல சர்வர் ஒன்றும், அது விழுந்தால் கைகொடுக்க ஒரு நகலும் போதும். பிறகு அந்தப் பத்துத் துண்டு எதற்கு? 10 லட்சம் என்பது 100 கோடியானால் நொடிக்குச் சுமார் 11,600 பதிவுகள். அப்போது பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்தது, காரணம் சொல்லாமல் ஒரு பக்கம் சாய்வது. சுருக்கிய முகவரியைச் சொடுக்கியவரை மூல முகவரிக்குத் திருப்பிவிட, சர்வர் பிரவுசருக்கு அனுப்ப வேண்டியது 301 குறியீடா, 302 குறியீடா? 301 நிரந்தரம் என்பதால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை உங்கள் சர்வருக்கு வராமலே போய்விடலாம். சுமை குறையும், ஆனால் சொடுக்குகளின் எண்ணிக்கை கிடைக்காது. 302 என்றால் பிரவுசர் பொதுவாக ஒவ்வொரு முறையும் உங்கள் சர்வருக்கு வரும். எண்ணிக்கை தேவையா என்று கேட்காமல் எதைச் சொன்னாலும் அது குருட்டாம்போக்குதான்.

பல கணினிகளில் பரவிய அமைப்புகளுக்கான கேப் தேற்றத்தை, தரவின் ஒருமைப்பாடு, சேவை கிடைப்பது, வலையமைப்புத் துண்டிப்பைத் தாங்குவது ஆகிய 'மூன்றில் இரண்டு' என்று ஒப்பிப்பதும் அப்படியே. வலையமைப்பு துண்டிக்கப்படுவது நம் விருப்பத்தில் இல்லை. துண்டிக்கப்படும்போது தரவின் ஒருமைப்பாடா, சேவை கிடைப்பதா என்பதே கேள்வி. 2000இல் இந்தக் கருத்தை முன்வைத்த கணினி அறிவியலாளர் எரிக் புரூவரே, அந்த வாய்பாடு தவறான எண்ணத்தைத் தருகிறது என்று 2012இல் எழுதினார்.

வேலையில் முன்பு எப்படி நடந்துகொண்டீர்கள் என்று கேட்கும் பிஹேவியரல் சுற்றை மதிக்காமல் போவது தனித் தவறு. சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற ஸ்டார் முறையைத் தெரிந்தவர்கள்கூட சூழலை விவரிப்பதிலேயே பாதி நேரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். எஞ்சியதெல்லாம் 'நாங்கள் செய்தோம்'. வேலைக்கு எடுக்கப்போவது குழுவை அல்லவே. "வெளியீட்டைத் தள்ளிவைக்கச் சொன்னேன், மேலாளர் ஒப்பவில்லை, பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை என்பதைச் சோதனைச் சூழலில் ஓட்டிக் காட்டினேன்" என்ற ஒரே வாக்கியத்தில் ஆள் தெரிகிறார். 'அதிகம் உழைப்பதே என் குறை' என்பதை இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள், விட்டுவிடுவோம்.

ஐம்பது கேள்விகளுக்குப் பதில் மனப்பாடம் செய்வதைவிட, நடந்த ஆறேழு சம்பவங்களை அடிவரை அசைபோடுவது பயன் தரும். "வேறு என்ன வழிகளை யோசித்தீர்கள்?" என்ற துணைக்கேள்வியில் மனப்பாடம் உதிர்ந்துவிடும். ரெஸ்யூமேயில் 'வேகத்தை 40 விழுக்காடு கூட்டினேன்' என்றிருந்தால், எதை அளந்தீர்கள், சராசரியையா, மிக மெதுவான கோரிக்கைகளையா என்று கேட்பார்கள். பதில் இல்லையென்றால் அந்த வரியை இன்றே எடுத்துவிடுங்கள்.