குப்பைப் பைக்குப் போகும் தடயம்: ரத்தத்தொற்று விசாரணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி, கடலூர்ப் பகுதி மருத்துவமனைகளின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுக்களில் புதிதாகச் சேரும் இளம் மருத்துவர்களும் நர்ஸ்களும் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். நாங்கள் பயிற்சியில் இருந்த காலத்தில் சறுக்கிய அதே இடம். கை கழுவுவதையும் கையுறை போடுவதையும் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவை அவர்களுக்குத் தெரியும். மருந்தோ சலைனோ ஜெல்லோ வரும்போதே கிருமியோடு வந்து நோயாளிகளின் ரத்தத்தில் கலந்தால், அதைக் கண்டுபிடிக்கும் விசாரணை எங்கே தடம் புரள்கிறது என்பதே என் கவலை.

முதலில் கழுவிவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரே வாரத்தில் ஒரே ஐசியூவில் நாலைந்து பேரின் ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) பர்கோல்டேரியா செபேசியா என்ற பாக்டீரியா வளர்ந்திருப்பதாக லேபிலிருந்து போன் வரும். உடனே வார்டு அல்லோலகல்லோலப்படும். தரை, கட்டில், டிராலி எல்லாவற்றையும் ஹைப்போகுளோரைட் போட்டுத் துடைப்பார்கள். பாதி பயன்படுத்திய வயல்கள் (ஊசிமருந்துக் குப்பிகள்), திறந்த சலைன் பாட்டில்கள், ஸ்கேன் ஜெல் எல்லாம் "எதற்கு வம்பு" என்று குப்பைக்குப் போகும். நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் விசாரணை அத்தோடு முடிந்துபோகிறது.

இந்தப் பகுதி மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு ஒருமுறை போனபோது, மருந்து டிராலியின் மேல்தட்டு பளபளவென்று காலியாக இருந்தது. இழுப்பறையின் மூலையில் ஒரு வயலின் ஆரஞ்சு நிற மூடி மட்டும் கிடந்தது.

"சிஸ்டர், நேற்று இந்தத் தட்டில் இருந்த மருந்துகள் எங்கே?"

"கழிவு வண்டி காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டது, டாக்டர். எல்லாவற்றையும் சுத்தம் செய்யச் சொன்னார்கள்."

அவர் மேல் தவறில்லை. மருத்துவக் கழிவைத் தேக்கி வைக்கவும் முடியாது. பல வகைக் கழிவுகளுக்கு 48 மணி நேரமே எல்லை என்கின்றன 2016-ஆம் ஆண்டின் விதிகள். கேஸ் ஷீட்டைப் புரட்டினால் மருந்தின் பெயர் இருந்தது, பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) இல்லை. இருப்புப் பதிவேட்டின்படி அந்த வாரம் இரண்டு பேட்ச்கள் வார்டுக்குப் போயிருந்தன. எந்தக் குழந்தைக்கு எது ஏறியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. புதிய பேட்ச் வந்தது, தொற்று நின்றது. காரணத்தை மட்டும் நிரூபிக்க முடியாமல் போயிற்று. அதே பேட்ச் வேறு எந்த மருத்துவமனைகளில் இருந்ததோ, அங்கிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போகவேயில்லை.

லேபிலிருந்து போன் வந்ததும் வார்டுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: பயன்படுத்துவதை நிறுத்துங்கள், எதையும் தூக்கிப் போடாதீர்கள். திறந்தவற்றைத் தனித்தனி உறையில் போட்டு, கட்டில் எண், தேதி, நேரம் எழுதிக் குளிர்பெட்டியில் வையுங்கள். லேபிளைப் படம் எடுங்கள். ஸ்டோருக்கு ஆள் அனுப்பி, அதே பேட்சில் திறக்காதவற்றை எடுத்து வரச் சொல்லுங்கள். திறந்த வயலில் மட்டும் கிருமி இருந்தால் அது வார்டில் நுழைந்திருக்கலாம். சீல் உடையாத வயலிலும் அதே கிருமி இருந்தால் தயாரிப்பிலேயே கோளாறு என்ற சந்தேகம் வலுக்கும். இந்த ஒப்பீடு இல்லாமல் நிறுவனத்தையும் கேள்வி கேட்க முடியாது, நர்ஸையும் பழியிலிருந்து காப்பாற்ற முடியாது. அதற்குப் பிறகு தாராளமாகத் துடையுங்கள்.

சிங்க்கில் கிருமி கிடைத்ததும் விசாரணையை முடித்துவிடுவது

செபேசியா ஈரத்தில் வாழும் கிருமி. தேடினால் சிங்க்கில் கிடைக்கக்கூடும். பாட்டிலில் மிஞ்சியதை அங்கே கொட்டியதால்கூட வந்திருக்கலாம். பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி (ஸ்வாப்) எடுக்கும் முன் பட்டியல் போடுங்கள்: யாருக்கு, எந்த நாளில், எந்த மருந்து, எந்தக் குழாய், எந்த ஸ்கேன். அதே வார்டில் தொற்று வராதவர்களையும் பக்கத்தில் எழுதுங்கள். மும்பையில் கீமோதெரபி பகல்நேரப் பிரிவு ஒன்றில் இப்படித் தேடியபோது, வாந்தியைத் தடுக்கும் ஊசிமருந்து தயாரிப்பிலேயே மாசுபட்டு வந்தது தெரிந்தது. தரையையும் சிங்க்கையும் மட்டும் துழாவியிருந்தால் அது அகப்பட்டிருக்காது.

கிருமிநாசினி என்பதால் விட்டுவிடுவது

பென்சல்கோனியம் குளோரைடு கரைசலிலேயே செபேசியா உயிர்வாழும். குளோர்ஹெக்சிடின் வாய்க்கொப்பளிப்பு மருந்திலிருந்தும் பரவியிருக்கிறது. வயலின் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே இருக்கும் ரப்பரும் கிருமியற்றது என்று எண்ண வேண்டாம். ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டுக் குத்துங்கள்.

"கல்ச்சர் நெகட்டிவ், மருந்து சுத்தம்"

ஒரு துளியைக் கிருமி வளர்க்கும் அகார் தட்டில் தேய்த்துவிட்டு இதைச் சொல்லக் கூடாது. கிருமி மிகக் குறைவாக, சில வயல்களில் மட்டும் இருக்கலாம். மருந்திலுள்ள பதப்பொருள் அதன் வளர்ச்சியை அமுக்கலாம். ஒரே பேட்சில் பல வயல்கள், வடிகட்டிச் சோதித்தல், திரவ ஊடகத்தில் வளர்த்தல், பதப்பொருளை முறிக்கும் சேர்மானம் எல்லாம் வேண்டும்.

பொய்த் தொற்று

நோயாளிக்குக் காய்ச்சலே இல்லையென்றால், கிருமி அவர் ரத்தத்தில் இல்லாமல், எடுத்த மாதிரியில் மட்டும் கலந்திருக்கலாம். தோலைத் துடைத்த மருந்தையும் கல்ச்சர் பாட்டிலையும் முதலில் சந்தேகியுங்கள்.

தனக்குள்ளேயே முடித்துக்கொள்வது

1970-71இல் அமெரிக்காவில் நரம்புவழித் திரவ பாட்டில்களின் மூடியில் இருந்த கிருமி பல மாநில மருத்துவமனைகளில் ரத்தத்தொற்றை உண்டாக்கியது. ஒரு மருத்துவமனையின் நாலைந்து நோயாளிகளை மட்டும் பார்த்து அதன் முழு அளவை அறிய வழியில்லை. நம் பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. கடலூர் அரசு மருத்துவமனைக்கு மருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வருகிறது. புதுச்சேரிக்குக் கொள்முதல் தனி, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் தனி. தனியார் மருத்துவமனைகளோ எல்லையின் இருபுறமும் வாங்குகின்றன. எனவே பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் எழுதி இரு பக்கத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் தெரிவியுங்கள். ஆய்வு முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். "சந்தேகம்" என்றே குறிப்பிட்டு அன்றைக்கே அனுப்புங்கள்.