மருந்து தொடங்காத ரத்தப் புற்றுநோய்: சி.எல்.எல். உள்ளவருக்கு வீட்டில் வைக்க வேண்டிய கணக்கு

அப்பாவுக்கோ பெரியம்மாவுக்கோ சி.எல்.எல். (லிம்போசைட் என்ற வெள்ளையணு வகையில் மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய்) என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டரோ மருந்து எழுதாமல் "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்கிறார். கைவிட்டுவிட்டார்கள் என்று கலங்க வேண்டாம். தொந்தரவு இல்லாத தொடக்க நிலையிலேயே குளோராம்புசில் என்ற மருந்தையும், பின்னாளில் இப்ருடினிப் என்ற மாத்திரையையும் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் ஆயுள் கூடவில்லை.

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தேதி, எடை, ஹீமோகுளோபின், பிளேட்லெட், லிம்போசைட் எண்ணிக்கை. பலரும் தவறுவது கடைசியில்தான், சதவீதத்தை எழுதிவிடுவார்கள். போன முறை மொத்த வெள்ளையணு 30,000, லிம்போசைட் 85% என்றால் எண்ணிக்கை 25,500. இந்த முறை 50,000, 80% என்றால் 40,000. சதவீதம் இறங்கியிருக்கிறது, நோய் ஏறியிருக்கிறது.

வெள்ளையணு 1 லட்சத்தைத் தாண்டியது என்பதற்காக மட்டும் மருந்து தொடங்குவதில்லை. வேகத்தைப் பாருங்கள். லிம்போசைட் 30,000-க்கு மேல் போன பிறகு 6 மாதத்துக்குள் இரட்டித்தாலோ, ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே சரிந்தாலோ, பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே சரிந்தாலோ, 6 மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, ஒரு மாதமாக இரவில் உடுப்பு நனைய வியர்த்தாலோ, அடுத்த தேதிக்குக் காத்திராமல் நோட்டோடு போங்கள்.

நோய் எதிர்பாராமல் திரும்பும் இடங்களும் உண்டு. திடீரென வெளிறி, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்தால் உடலே தன் சிவப்பணுக்களை அழிக்கத் தொடங்கியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையான கூம்ப்ஸ் டெஸ்ட் எடுத்தார்களா என்று கேளுங்கள்; அந்தச் சிக்கலுக்கு வைத்தியமே வேறு.

இன்னொன்று ரிக்டர் மாற்றம், அதாவது சி.எல்.எல். வேகமாக வளரும் நெறிப் புற்றுநோயாக (லிம்ஃபோமா) மாறுவது; 1928-இல் மாரிஸ் ரிக்டர் என்ற மருத்துவர் விவரித்தது. பல இடங்களில் நெறி கட்டியிருக்க, ஒன்று மட்டும் சில வாரங்களில் மளமளவென்று பெருக்கும். காய்ச்சல் வரும், ரத்தப் பரிசோதனையில் எல்.டி.ஹெச். என்ற நொதியின் அளவு எகிறும். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் மாதிரி இதற்குப் போதாது. பெட் ஸ்கேனில் அதிகம் ஒளிரும் நெறியை, முடிந்தால் முழுதாகவே எடுத்து பயாப்ஸி செய்ய வேண்டும். நம் ஊரில் காசநோயும் இதே வேஷத்தில் வரும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்னால் இப்ருடினிப் தொடங்கினால் முதல் வாரங்களில் நெறி வற்றும்போதே லிம்போசைட் ஏறும். நெறிக்குள் இருந்த செல்கள் ரத்தத்துக்கு வருவதால் அப்படி. பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பம்ப்ளிமாஸ் பழம் வேண்டாம், மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். ரத்தம் எளிதில் நிற்காது என்பதால் பல் பிடுங்கும் முன்பே புற்றுநோய் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்து தொடங்கினாலும் இல்லாவிட்டாலும், காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுக்க வைக்காமல் அன்றைக்கே காட்டுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு நிமோனியா ஒரே ராத்திரியில் முற்றிவிடும்.